தைலக் கண்ணீர்

கொஞ்சம் தள்ளி உட்காரு. பெட்டியை நடுவுல வெச்சா நான் எங்க உட்கார்றது? ஆமாடி, ஹாஸ்டல்லேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடித்தான் வந்தேன். பாசம்னு நெனச்சுக்காத. நீ நர்ஸிங்கை விட்டுட்டு ஊருக்கே போயிட்டா, உன் பக்கெட்டை நான் எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன்.

என்னது, உனக்கு சேவை மனப்பான்மை இல்லையா? எனக்கு மட்டும் கொட்டிக் கிடக்கா? எங்க சித்தி நர்ஸாகி காரு வாங்கினாங்க, அதைப் பாத்துத்தான் நான் சேர்ந்தேன். மெழுகுவர்த்தி ஏத்தி உறுதிமொழி எடுத்தோமே, அன்னிக்கு எல்லாரும் மனசு உருகி நின்னாங்க. என் மெழுகு முன்னாடி நின்னவ பின்னல்ல உருகிச்சு. உறுதிமொழில என்ன சொன்னோம்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. அவ தலை பத்திக்காம இருக்கணுமேன்னுதான் இருந்துச்சு.

சரி, அந்த ரிட்டயர்டு கண்டக்டர் விஷயத்துக்கே வரேன். சர்க்கரைல கால் புண்ணாகி, சொந்தத் தம்பியே வார்டு வாசல்லேருந்து எட்டிப் பாத்துட்டுப் போற ஆளு. கட்டு மாத்தறப்ப நாத்தம் தெரியாம இருக்க, மாஸ்க்குக்குள்ள லேசா தைலம் தடவிக்கோன்னு நான்தான் சொன்னேன். லேசான்னா லேசா. நீ அரை டப்பாவை அப்பிக்கிட்டே. கண்ணுலேருந்து கொழாய் மாதிரி கொட்டிச்சு. அவரு, எனக்காக ஒரு பொண்ணு அழுதுச்சுன்னு டாக்டர்லேருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் சொல்லிட்டாரு. சிஸ்டர் வேற உன்னை நிக்க வெச்சு, இதுதான் நர்ஸோட மனசுன்னு எல்லாரையும் கைதட்ட வெச்சாங்க. அன்னிலேருந்து நீ ஒழுங்கா சாப்பிடல. பொய்யா பேர் வாங்கிட்டேன், இனிமே அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு ஒரே புலம்பல்.

கைதட்டல் வாங்கினதுக்காகப் படிப்பை விடறவளை நான் இப்பதான் பாக்கறேன்.

இரு, இந்த பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. அடுத்ததுல போ.

காலைல அவருக்குக் கட்டு மாத்த என்னை அனுப்பினாங்க. காலைத் தொடவே விடல. அந்தப் பொண்ணு எங்கன்னாரு. எனக்கு எரிச்சலாயிடுச்சு. அவ ஒண்ணும் அழல, அது தைலம்னு போட்டு உடைச்சுட்டேன்.

முறைக்காதடி. அவரு என்ன சொன்னாருன்னு கேளு. எனக்குப் போனது காலும்மா, மூக்கு நல்லாத்தான் இருக்குன்னாரு. முதல் நாளே தெரிஞ்சுபோச்சாம். அப்புறம் ஏன் ஊரெல்லாம் சொன்னீங்கன்னேன். யாரோ பெத்த பொண்ணு அழுதுச்சுன்னு காதுல விழுந்தா, என் தம்பி வெக்கப்பட்டாவது உள்ள வருவான்னு பாத்தேன்னாரு. உன்னைப் பத்தியா? கண்ணு தெரியாம தடவித் தடவியே கட்டிச்சு, ஆனா பாதில எழுந்து போகலன்னாரு. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் புகழல.

பெட்டியைக் குடு, நான் தூக்கறேன். கட்டு இன்னும் மாத்தல, நீ வந்தாத்தான் காலையே நீட்டுவாராம். தம்பி வேற மூக்கைப் பொத்திக்கிட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், கட்டு மாத்த யாராவது சொல்லிக் குடுங்கன்னு.