பேச்சுவார்த்தை கிடையாது

பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசினால் தொண்டை கட்டாது சார். நீங்களும் நாள் முழுக்க அதட்டிப் பேசுகிறவர், வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடைத் திருவிழா நாளில் விடிந்ததிலிருந்து மைக்கைப் பிடித்து நிற்கிற எனக்கு அதுதான் துணை. மைக்செட் வெயிலுமுத்து என்றால் விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. காணாமல் போன பிள்ளை, தொலைந்த கொலுசு, பாதையை மறித்து நிற்கிற டிராக்டர், எல்லாவற்றுக்கும் என் குரல்தான். நான் சொல்லுகிற விதத்தில், கொலுசை எடுத்து இடுப்பில் செருகியவளே சிரித்துக்கொண்டு கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

என் சித்தப்பா மகன் லிங்கராஜின் பிள்ளை காருக்குள் செத்துப்போனதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அன்றைக்கு அம்மனுக்குப் பொங்கல் வைக்க அவன் பெண்டாட்டி செல்வமாரி மற்ற பெண்களோடு லோடு ஆட்டோவில் முன்னால் வந்துவிட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவனிடம் சொன்னாளாம். போனில் மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தவன் காதில் அது ஏறவில்லை. பிள்ளை அம்மாவோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். அதுவோ திறந்து கிடந்த காரில் தானாக ஏறிப் பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டது. அவன் திரும்பிப் பாராமல் ஓட்டிவந்து, பூட்டிவிட்டு, கோயிலுக்குள் போய்விட்டான்.

இது அவன் கதை. ஊர் விடுமா? மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்று அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. யூடியூப்காரன் ஒருவன் ட்ரோன் விட்டுப் படம் பிடித்துப் போனான். சீனியின் டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடைக்காரன் பெயர்தான் சீனி. அவன் டீயில் அது இருக்காது.

"பல்லு செட்ட வாயில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுதேன் நான். மனுசன் மறக்கத்தான் செய்வான்" என்றார் கொம்பையா.

"பல்லும் பிள்ளையும் ஒண்ணா அண்ணாச்சி? பெத்தவன் எப்படி மறப்பான்?" என்று பிடித்துக்கொண்டாள் சொர்ணத்தாய்.

அப்போதுதான் நான் எழுந்தேன். எழுந்தாலே கூட்டம் அமைதியாகிவிடும். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கார் மேல ஒரு இலை விழுந்தாக்கூட ஊதி எடுக்கவன் லிங்கராசு. அப்பேர்ப்பட்டவன் அன்னைக்கு மட்டும் உச்சி வெயில்ல கொண்டாந்து ஏன் விட்டான்? சொல்லுங்க பாப்போம்."

சீனி எனக்கு மட்டும் சீனி போட்டு டீ கொடுத்தான். நான் பேசியதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, சாயங்காலத்துக்குள் கோவில்பட்டி வரை போய்விட்டது. அதற்குப் பிறகு மறதிக் கட்சியில் மிஞ்சியது கொம்பையாவும் அவருடைய பல்செட்டும்தான். சனம் வந்து கத்திய பிறகுதான் நீங்களும் லிங்கராஜை உள்ளே வைத்தீர்கள்.

வெயிலில் ஏன் விட்டான் என்பது எனக்குத் தெரியும் சார். கோயிலுக்கு முன்னால் இருக்கிற கரிசல் பொட்டலில் நிழல் என்று இருப்பது ஒரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் என் வண்டி நின்றது. ஆம்பிளிஃபயர் சூடாகக் கூடாது, பாருங்கள். அவன் வந்து ஹாரன் அடித்தான். இறங்கி வந்து, அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தள்ளியிருப்பேன். நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது, அண்ணன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, கயத்தாற்றிலிருந்து டிஜே செட்டைக் கொண்டுவந்து இறக்கினான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அவன் முதலில் பேசட்டும் என்று நான், நான் பேசட்டும் என்று அவன். எங்கள் வம்சத்துக்கு இது பழக்கம்தான். என் அப்பாவும் பெரியப்பாவும் கடைசிவரை மாட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள். "ஏ மாடே, நாளைக்குப் பருத்தி எடுக்க ஆளு வருதாம்" என்று இவர் சொல்ல, அவர் தலையாட்டுவார். சிரிக்காதீர்கள், விவசாயம் ஒழுங்காக நடந்தது.

கார் என் மைக்செட் பந்தலுக்கு நேர் எதிரே நின்றது. பிள்ளை விழித்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன், மறைப்பானேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தது. பெரியவர்கள் சண்டை அதற்கு என்ன தெரியும்? நானும் சிரித்தேன். பச்சைப்பிள்ளையிடம் எனக்கு என்ன விரோதம்?

மைக் கையில்தான் இருந்தது. ஆனால் லிங்கராஜ் என்று பெயரைச் சொல்லிவிட்டால் நான் வலியப் போய்ப் பேசியதாக ஆகிவிடும். ஊரே குழாய் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறது. யாரிடமாவது சொல்லி அனுப்பினால் ஆள்விட்டுப் பேசியதாக ஆகும். அவனே தேடி வரட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு கொலுசு கிடைத்தது, அதை அறிவித்தேன். டிராக்டர்காரரைக் கூப்பிட்டேன். இடையில் பிள்ளை கண்ணாடியைத் தட்டத் தொடங்கியது. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்; மதியக்கொடைப் பூசைக்குக் கூட்டுவது வழக்கம்தான். அப்புறம் அது படுத்துக்கொண்டது. மறுபடியும் தூங்குகிறது என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகுதான் லிங்கராஜ் ஓடிவந்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கேட்டபோதுதான் பிள்ளை இருவரிடமும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் என் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ரேணுவக் காணலண்ணே. மைக்ல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அண்ணே என்றான் சார். அத்தனை காலம் கழித்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தேன். குறை இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று கற்கண்டைத் துப்பிவிட்டு, பாட்டை நிறுத்தி, கனிந்த குரலில் சொன்னேன். "பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. நமது லிங்கராஜ் அவர்களின் அன்பு மகள் ரேணுகாதேவி, வயது மூன்று, மஞ்சள் கவுன், சிவப்பு வளையல், ஒரு பக்கத்துச் சடை அவிழ்ந்திருக்கும்." திரும்பத் திரும்பச் சொன்னேன். சனமெல்லாம் தேடிக் கலைந்தது. கடைசியில் யாரோ காருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அறிவிப்பைத்தான் போனில் போட்டுக் காட்டுகிறீர்கள். பெற்றவனே பார்க்காத சடை, அவிழ்ந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரர். கண்ணாடியில் முட்டி முட்டித் தட்டியபோது அவிழ்ந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அறிவிக்கும்போதும் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது மைக்கில் சொல்லச் சொல்லி. தம்பி கேட்டதைச் செய்தேன். அப்போதுகூட உயிர் இருந்திருக்கும் என்கிறாராம் டாக்டர். அதெல்லாம் படித்தவர்கள் சொல்லுவது.

பிள்ளையைச் சாகவிட்டது நான்தான். ஏட்டையா அப்படியே எழுதட்டும், கையெழுத்துப் போடுகிறேன். லிங்கராஜை வெளியே விட்டுவிடுங்கள், அவன் மறதிக்காரன், கெட்டவன் இல்லை. ஒன்றுமட்டும் விட்டுப்போகாமல் எழுதச் சொல்லுங்கள் சார். முதலில் பேசியது அவன்தான்.