எழுதாத ஸ்வரம்

– பாட்டு சரியில்லன்னு மூணே மூணு விசில்டி. ரெண்டு விரல வாயில வச்சு மூணு தடவை. அதுக்கே நேத்து அந்த டென்மார்க்காரப் பாடகி கையில இருந்த விசிறியக் கீழ விட்டுட்டா. நீ பாத்தியா இல்லையா?

– பக்கத்துத் திரைக்குப் பின்னாலதான நின்னேன், பாக்காம என்ன? கோரஸ் பாடற நாப்பது பேரும் அங்கதான் நின்னோம். நாப்பது பேரும் காதப் பொத்திக்கிட்டோம். சூப்பு ஆறுது, குடிங்க.

– முதல் விசில் யாரோடதுன்னு தெரிஞ்சுதா?

– பத்தொம்பது வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேன். மாடு ஓட்டற மாதிரி அடிச்சா தெரியாமப் போகுமா?

– இந்த எர்மெஸ் அடிச்ச பிறகுதான் மேல் கேலரியே அடிச்சுது, எழுதி வச்சுக்க. பார்மாவுல உச்சக்குரல்ல பாடற ஒரு சொப்ரானோ தேறினாளா இல்லையான்னு கீழ பட்டு நாற்காலியில உக்காந்திருக்கற வக்கீலும் டாக்டரும் சொல்ல முடியாது. அவனுங்களுக்கு அடுத்தவன் பொண்டாட்டி கழுத்து நகைதான் தெரியும். மேல கூரையில தலை இடிக்க உக்காந்திருக்கோமே, நாங்க சொல்லணும்.

– ஆமாமா. அந்தக் கூரையில புறாவும்தான் உக்காந்திருக்கு.

– என்ன, கிண்டலா? அவ பாடினதெல்லாம் ஒரு பாட்டா? உப்பில்ல, உறைப்பில்ல, பத்தியக் கஞ்சி மாதிரி ஒரு குரல். சரி, போகட்டும்னு பொறுத்துக்கிட்டோம். முதல் அங்கம் முடியப் போகுது. பாட்டு ஏறிக்கிட்டே போகுது. ஊரே மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. இதோ அந்த உச்சி ஸ்வரத்தப் பிடிக்கப் போறான்னு பாத்தா, மகராசி அவ பாட்டுக்குக் கீழ இறங்கி, கதவச் சாத்திட்டு வீட்டுக்குப் போற மாதிரி முடிச்சுட்டா. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஆப்பரா சீசன் தொடங்கற அன்னிக்கு, எங்க மூஞ்சியில கரியப் பூசிட்டா.

– அந்த ஸ்வரம் தாள்ல இல்ல.

– என்னது?

– எழுதினவர் அத எழுதவே இல்லைங்கறேன். கீழதான் முடிச்சிருக்காரு. அவர் செத்த பிறகு எவளோ ஒருத்தி கைதட்டு வாங்கறதுக்காக மேல ஏறினா. அடுத்தவ சும்மா இருப்பாளா, அவளும் ஏறினா. அப்படியே வழக்கமாயிருச்சு. நீங்க விசில் அடிச்சீங்களே, அது அவர் எழுதினத எழுதின மாதிரியே பாடின பொண்ணுக்கு.

– எழுதாட்டி என்ன இப்ப? கல்யாணம் பண்ணி வைக்கற பாதிரியார் புஸ்தகத்துல சாப்பாடுன்னு எழுதியிருக்கா? போடாம அனுப்பினா ஜனம் சும்மா போகுமா?

– அதுசரி.

– எங்க தாத்தா அந்த ஸ்வரத்தக் கேட்டாரு, எங்கப்பா கேட்டாரு. அது எங்க சொத்து. தர மாட்டேன்னா அதுக்குப் பேரு திருட்டு. ரோஸ்மொந்தா பால்தி பாடின காலம் உனக்குத் தெரியுமா? அவ அந்த ஸ்வரத்தப் பிடிச்சு நிறுத்தினப்ப மேல் கேலரியில ஒருத்தன் உசுரையே விட்டான். எங்கப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.

– அவன் நாலு தட்டு அனோலினியத் தின்னுட்டு வந்து மூச்சு முட்டிச் செத்தான். உங்கம்மாவே சொல்லியிருக்காங்க.

– அவளுக்கெல்லாம் சிலை வைக்கணும். இப்ப வர்றதுங்கல்லாம் என்ன? மிலான்காரி மீன் விக்கற மாதிரி கத்தறா. பொலோஞ்ஞாக்காரி பாதிய மூக்குல பாடறா. போன வருஷம் வியன்னாவுல இருந்து ஒருத்தி வந்தாளே, பட்டினியில சாகற வேஷம். அவ விழுந்த விழுகையில மேடைப் பலகையே கிறீச்னுது.

– அவளுக்கும் விசிலா?

– சே, அவளுக்கு விசில் எதுக்கு? யாராவது போய்த் தச்சனக் கூட்டிட்டு வாங்கடான்னு கத்தினேன். செத்துக் கிடந்தவ தலையத் தூக்கி மேல பாத்தா. தியேட்டரே சிரிச்சுது.

– இங்க திரும்பி வரவே இல்ல அவங்க.

– எதுக்கு வரணும்? பார்மாவுல பாடறதுன்னா சும்மாவா? எங்கள மாதிரி காது உலகத்துல எங்கயும் கிடையாது, எழுதி வச்சுக்க.

– பூண்டு போட்ட சாசேஜ் மென்னுக்கிட்டே கேக்கற காது.

– என் காதப் பத்திப் பேசாத. முப்பத்தெட்டு கிலோ சீஸ் சக்கரம். சுத்தியால ரெண்டு தட்டு, அவ்வளவுதான். உள்ள ஓட்டை இருக்கா, விரிசல் இருக்கான்னு வெட்டாமலே சொல்றேன். இந்த மாகாணத்துல அந்த வேலையில என்னை மிஞ்சினவன் ஒருத்தன் இருந்தாக் காட்டு. சீஸோட வயித்துக்குள்ள இருக்கறது கேக்குது, ஒரு பொம்பளையோட தொண்டைக்குள்ள இருக்கறது கேக்காதா?

– சீஸ் எதுத்துப் பேசாது. அதான் உங்களுக்கு சௌகரியம்.

– இங்க பாரு தீர்ச்சே, அவகிட்ட அந்த ஸ்வரம் கிடையாது. சரக்கே இல்ல. இருக்கறவ எவளாவது எடுக்காம விடுவாளா?

– ம்.

– அதென்ன ம்?

– காலையில ஆறு மணி ரயில்ல கிளம்பிட்டாங்களாம்.

– யாரு, டென்மார்க்காரியா? இன்னும் நாலு காட்சி பாக்கி இருக்கே.

– இனிமே இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லி அழுதுக்கிட்டே போனாங்களாம்.

– போகட்டும், நல்லதாப் போச்சு. ஒரே காட்சியில மூட்டை கட்ட வச்சுட்டோம். கேலரியில என் பக்கத்துல உக்காரற பிரிமோகிட்ட சொன்னா குதிப்பான். சரி, சாயங்காலம் யாரக் கூட்டிட்டு வர்றாங்களாம்?

– மிலான்ல ரெண்டு பேருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாங்களாம். பார்மான்னு சொன்னதும் ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கிச்சாம்.

– பயந்தாங்கொள்ளிங்க. ஆமா, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

– நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்ப கீழ காப்பிக்கடைக்கு எனக்கு ஃபோன் வந்துது. வாத்தியக் குழுவ நடத்தற மாஸ்ட்ரோவே பேசினாரு.

– உன்கிட்டயா? கோரஸ்காரிகிட்ட மாஸ்ட்ரோவுக்கு என்ன பேச்சு?

– சாயங்காலம் நான் பாடறேன்.

– தினமும்தான பாடற?

– கோரஸ்ல இல்ல. கதாநாயகி வேஷம். மூணு அங்கமும் முழுசா.

– விளையாடாத.

– கல்யாணத்துக்கு முன்னால சந்தை சந்தையா ஒரு ஆப்பரா கம்பெனியோட போயிட்டிருந்தேனே, அப்ப இந்த வேஷத்த ஒம்பது தடவை பாடியிருக்கேன். மாஸ்ட்ரோ அங்க பியானோ வாசிச்ச பையன். அவருக்கு ஞாபகம் இருக்கு. கட்டின புருஷனுக்கு மறந்துபோச்சு.

– அடியே, அது மாட்டுச் சந்தையில கொட்டகை. இது பார்மா. உன்னை மென்னு துப்பிருவாங்க.

– யாரு துப்புவாங்க?

– மேல இருக்கறவங்க.

– பேர் சொல்லுங்க.

– பிரிமோ. அந்த ரெண்டு தையக்காரனுங்க. தபால்காரன் ஒதிலோ. அப்புறம்... சரி விடு, எல்லாருந்தான். உடனே ஃபோன் போட்டு முடியாதுன்னு சொல்லிரு. ஜுரம்னு சொல்லு. நாளைக்கு நான் சீஸ் கிடங்குக்குள்ள நுழையணுமா வேணாமா? ஊர்ல உள்ள பாடகிக்கெல்லாம் நொட்டை சொன்னானே, இப்ப இவன் பொண்டாட்டியப் பாருங்கடாம்பானுங்க.

– உங்க மூஞ்சி. அதான் உங்க கவலை.

– உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நாப்பத்திமூணு வயசு ஆகுது உனக்கு.

– அதனாலதான் சொல்றேன், இன்னொரு ஃபோன் எனக்கு வராது. பத்தொம்பது வருஷமா விருந்தாளி, ஜிப்ஸி, கன்னியாஸ்திரின்னு மாத்தி மாத்தி நிக்கறேன். எவளோ ஒருத்தி நடுவுல நின்னு பாடுவா, நான் ஓரத்துல மெழுகுப் பழத் தட்ட ஏந்திக்கிட்டு நிக்கணும். அவ பாடறத வாய்க்குள்ளயே நானும் பாடிக்குவேன். இன்னிக்கு ஒரு நாளாவது நான் நடுவுல நிக்கணும். வேணாங்கறதுக்கு நீங்க யாரு?

– சரி, சரி, கத்தாத. தொண்டை போயிரும். முடிவு பண்ணிட்ட. அப்படின்னா அந்த ஸ்வரத்த மட்டும் எடுத்துரு. உன்னால முடியுமா?

– கொல்லையில துணி காயப் போடறப்ப எடுக்கறேனே. நீங்க கேட்டதே இல்லையா?

– அது நீயா? எதிர்வீட்டு ரேடியோன்னுல்ல நினைச்சேன்.

– அதுசரி. மாகாணத்துலயே மிஞ்ச ஆளில்லாத காது.

– இல்லடி, நிஜமா நல்லா இருக்கும். எத்தனை நாள் வேலைக்குக் கிளம்பறப்ப சுத்தியக் கீழ வச்சுட்டு நின்னு கேட்டிருக்கேன். அப்ப உன்கிட்ட இருக்கு. பின்ன என்ன, எடுத்துரு. மத்தத நான் பாத்துக்கறேன். பிரிமோகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா—

– ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. பரிதாபப்பட்டு ஒருத்தன் கைதட்டினாலும் பாட்ட அங்கயே நிறுத்திட்டு இறங்கிப் போயிருவேன்.

– எடுப்பியா மாட்டியா, அத மட்டும் சொல்லு.

– தாள்ல இல்லையே.

– தாளாவது, மண்ணாங்கட்டியாவது.

– நான் எடுக்காம முடிச்சா விசில் அடிப்பீங்களா?

– இதென்ன கேள்வி?

– கேக்கறேன், சொல்லுங்க. கட்டின பொண்டாட்டிக்கு அடிப்பீங்களா மாட்டீங்களா?

– அடிக்காம உக்காந்திருந்தா அதுக்கப்புறம் நான் அந்தப் பெஞ்சில உக்கார முடியாது. அத்தனை பேரும் என் வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பானுங்க.

– அப்ப அடிப்பீங்க.

– அதனாலதான் எடுன்னு கெஞ்சறேன். உனக்குப் புண்ணியமாப் போகும்.

– எடுக்கறேன். இவ்வளவு நாள் காத்திருந்துட்டு எடுக்காம விட எனக்கென்ன பைத்தியமா?

– அப்பாடா. வயித்துல பால வார்த்த. பாத்தியா, நீயே சொல்லிட்ட. இருக்கறவ விட மாட்டா. அந்த டென்மார்க்காரிக்கு இல்ல, அதான் தாள் மேல பழியப் போட்டுட்டு நழுவிட்டா.

– அவங்களுக்கு இருந்துது.

– எது?

– அந்த ஸ்வரந்தான். ஒத்திகையில மூணு நாளும் எடுத்தாங்க. சிரமமே இல்லாம, தண்ணி குடிக்கற மாதிரி எடுத்தாங்க. என்னோடதவிட நல்லா இருந்துது, எர்மெஸ்.

– அப்புறம் என்ன எழவுக்கு நேத்து முழுங்கினா? அந்த மாஸ்ட்ரோ எடுக்காதன்னுட்டானா?

– உங்க இஷ்டம்னு விட்டுட்டாரு.

– அப்ப திமிரு. எங்களுக்கு இது போதும்னு நினைச்சிருக்கா.

– திமிரெல்லாம் இல்ல. புஸ்தகத்துல படிச்ச பாஷையில மெதுவாத்தான் பேசுவாங்க. நேத்து மேடைக்குப் போறதுக்கு முன்னால என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க இந்த ஊர்க்காரங்க, உங்களுக்குத் தெரியும், அத எடுக்கட்டுமா வேணாமா'ன்னு கேட்டாங்க.

– நீ என்ன சொன்ன?

– 'எடுத்துராதீங்கம்மா, எங்க கேலரியில இருக்கறவங்க சங்கீதம் தெரிஞ்சவங்க, எழுதினதுக்கு மேல ஒரு ஸ்வரம் ஏறினாலும் விசில் அடிச்சுருவாங்க'ன்னு சொன்னேன்.