கிளாஸ் ஒட்டினா இலவசம்

அலாவுதீன்: …இல்ல டென்னிஸ், டீயக் குடுத்து என்னைய சமாளிக்காத. உன் வெப்சைட்டுலேருந்து என் விளம்பரத்த எடுத்துரு. அவ்வளவுதான்.

டென்னிஸ்: டேய் டேய்… கோவத்துல பேசாத. உக்காரு.

அலாவுதீன்: உக்காந்துதான் இருக்கேன்.

டென்னிஸ்: அப்ப எந்திரிக்காத.

அலாவுதீன்: ‘அலாவுதீன் மொபைல்ஸ், பஸ் ஸ்டாண்டு எதிர்ல’ன்னு போட்டு ஒரு மாசம் ஆவுது. அதப் பாத்துட்டு வந்தேன்னு ஒரு ஈ காக்கா வரல.

டென்னிஸ்: ‘காரைக்கால் இன்னைக்கு’ சைட்ட ஊரே படிக்குதுடா! எங்க கரண்ட் கட்டு, எந்த பஸ் வரல, யாரு வீட்டுல சாவு, சனிக்கிழமை திருநள்ளாறுல வண்டிய எங்க நிறுத்துறது… பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி என் சைட்டதான் தொறக்குறாங்க.

அலாவுதீன்: தொறக்குறாங்கள்ல? அப்ப என் கடை மட்டும் எப்படிறா அவங்க கண்ணுல படல?

டென்னிஸ்: ஸ்… மெதுவா. ஜெமிமா அடுப்படில இருக்கா. ஊர்க்காரங்கள்ல மிச்சம் இருக்குற ஒரே விளம்பரம் நீதான். நீயும் போயிட்டேன்னு அவ காதுல விழுந்துச்சு, அடுத்த மாசம் நான் பாரிஸ்ல இருப்பேன்.

அலாவுதீன்: பாரிஸ்னா நல்லதுதானடா.

டென்னிஸ்: என்ன நல்லது? அவ அண்ணன் யேசுராஜ் கடையில, கொட்டுற பனியில நான் ஷட்டர் தூக்கணும். ‘இந்த மாசத்தோட சைட்டு நிக்கட்டும், கெளம்பிருவோம்’னு விசா பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டா. எனக்கு இந்த ஊர விட்டுப் போவ மனசே இல்லடா…

அலாவுதீன்: அழுவாத… டீ ஆறுது பாரு.

ஜெமிமா: வாங்கண்ணே. எப்ப வந்தீங்க? ஏன், ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க?

டென்னிஸ்: ஒண்ணுமில்லையே! விளம்பரத்த இன்னும் பெருசா போடச் சொல்லி வந்துருக்கான்.

அலாவுதீன்: நானா?… ஆமா. பெருசா. இன்னும் பெருசா.

ஜெமிமா: பெருசா போட்டா மட்டும் தெரிஞ்சிருமா? ஊர்ல எல்லாரு போன்லயும் அந்தத் தடுக்குற சமாச்சாரம் இருக்கே… என்னங்க அது பேரு?

டென்னிஸ்: ஆட் பிளாக்கர். நீ உள்ள போயேன்.

அலாவுதீன்: அது… அதுவா…

டென்னிஸ்: அதான்டா விஷயம். அதப் போன்ல போட்டுட்டா சேதி தெரியும், விளம்பரம் தெரியாது. விளம்பரம் தெரியலன்னா எனக்கு வருமானம் இல்ல. எவனோ ஒரு நாசமாப் போறவன், ஒரு வீடு பாக்கியில்லாம போட்டுக் குடுத்துருக்கான்.

அலாவுதீன்: எதுக்குப்பா வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாபம் விடுற…

ஜெமிமா: இவரு என்னென்ன கூத்து பண்ணாருன்னு கேளுங்கண்ணே. மொதல்ல கெஞ்சினாரு. ‘தயவுசெஞ்சு பிளாக்கர நிறுத்துங்க’ன்னு, கைகூப்பி நிக்கிற போட்டோவோட.

அலாவுதீன்: பாத்தேன், பாத்தேன். எலெக்‌ஷன்ல நிக்கிறான்னு நெனச்சேன்.

டென்னிஸ்: ஒருத்தரும் நிறுத்தல. அப்பறம் பூட்டிட்டேன். பிளாக்கர் இருந்தா சேதி தொறக்காதுன்னு…

அலாவுதீன்: பலே! பிளாக்கர எடுத்தாங்களா?

டென்னிஸ்: …நீயே சொல்லு ஜெமிமா.

ஜெமிமா: பக்கத்து வீட்டு லூர்தம்மாக்கா நேரா வீட்டுக்கே வந்துட்டாங்க. ‘டென்னிஸு, போனு தொறக்கமாட்டேங்குது, இன்னைக்கு கரண்ட் எப்ப போவும்?’னு. பின்னாடியே தெருவே வந்துருச்சு. நான் வாசல்ல நின்னு சேதி வாசிக்கிறேன், இவரு காப்பி ஆத்துறாரு.

அலாவுதீன்: காப்பியோடயா? எனக்குச் சொல்லவே இல்ல!

டென்னிஸ்: அன்னைக்கே பூட்டத் தொறந்துட்டேன். அப்பறம் சந்தா கேட்டேன். காசு கட்டுனவங்களுக்கு விளம்பரமே இல்லாம, சுத்தமா.

அலாவுதீன்: யாரு கட்டுனா?

டென்னிஸ்: என் மாமியா.

ஜெமிமா: அதுவும் வேற யாரு கட்டிருக்காங்கன்னு பாக்குறதுக்கு.

டென்னிஸ்: கடைசியா ஒரு நல்ல ரோசனை வந்துச்சுடா…

ஜெமிமா: ஐயோ, அதச் சொல்லாதீங்க. மானம் போவுது.

டென்னிஸ்: விளம்பரத்த சேதிக்குள்ளயே எழுதிட்டேன். எழுத்தோட எழுத்தா கெடந்தா பிளாக்கரு எப்படிப் பிரிச்செடுக்கும்? முடியாதுல்ல? நல்ல ரோசனைதான?

ஜெமிமா: ரொம்ப நல்ல ரோசனை! பூவம் கிராமத்துல ஒரு பெரியவரு தவறிட்டாரு. அந்தச் சேதிக்கு நட்டநடுவுல, ‘இந்த இனிய தருணத்தில் எங்கள் பாதுஷாவைச் சுவையுங்கள்’னு ஸ்வீட் கடை.

அலாவுதீன்: யா அல்லா!

டென்னிஸ்: கடைக்காரரு எழுதிக் குடுத்தத ஒரு எழுத்து மாத்தாமப் போட்டேன்டா. அது ஒரு தப்பா?

ஜெமிமா: அந்தப் பெரியவரு மவன், கையில பாதுஷாப் பொட்டலத்தோட வந்து நின்னாரு. நான்கூட நமக்குக் குடுக்கத்தான் வந்துருக்காருன்னு நெனச்சிட்டேன். ஒவ்வொண்ணா எடுத்து இவரு மேல எறியிறாரு!

டென்னிஸ்: ஸ்வீட் கடையும் போச்சு. இப்ப சைட்டு ஓடுறதே ஒரே ஒரு ஆளாலதான்.

அலாவுதீன்: யாரு, நானா?

டென்னிஸ்: நீ குடுக்குறது பெட்ரோலுக்கே பத்தல. ஊர்ல யாரோ ஒரு புண்ணியவான்டா… தினமும் சைட்டத் தொறந்து, தானா வந்து விழுவுற விளம்பரத்தையெல்லாம் ஒண்ணு விடாம அழுத்துறான், ஒவ்வொரு அழுத்துக்கும் எனக்குக் காசு. வழுக்கைக்கு எண்ணெய், டிராக்டர் லோனு, துபாய்ல வீடு… எல்லாத்தையும்! அது யாருன்னு மட்டும் தெரிஞ்சுது, ஆளுயர மாலை வாங்கிப் போட்டு அவன் கால்ல விழுவேன்.

ஜெமிமா: வழுக்கைக்கா? யாரோ, பாவம்… முடி கொட்டுற கவலை.

அலாவுதீன்: அது கெடக்கட்டும். தங்கச்சி, உன் போனு ஏன் இப்படி விரிசல் விட்டுக் கெடக்கு? குடு, கடைக்கு எடுத்துட்டுப் போயி கிளாஸ் ஒட்டித் தர்றேன். காசு வேணாம்.

ஜெமிமா: வேணாம்ணே.

அலாவுதீன்: வெரல அறுத்துரும்மா.

ஜெமிமா: அறுக்கட்டும். உங்க கடையில கிளாஸ் ஒட்டினா கூட ஏதோ இலவசமாமே?

அலாவுதீன்: …டீ நல்லா இருந்துச்சு. நான் கெளம்புறேன்.

டென்னிஸ்: உக்காருடா! என்ன இலவசம்?

அலாவுதீன்: அது… சும்மா… தொடைக்கிற துணி…

ஜெமிமா: துணியா? கிளாஸ் ஒட்டினா பிளாக்கரும் போட்டுத் தர்றீங்களாம். லூர்தம்மாக்கா சொன்னாங்க.

டென்னிஸ்: அடப்பாவி! அந்த நாசமாப் போறவன் நீதானா?

அலாவுதீன்: போட்டிடா! பக்கத்துக் கடை நஸ்ருதீன் கிளாஸுக்கு பேக் கவர் இலவசம்னுட்டான். எனக்குக் கட்டுப்படியாவுமா? இதுக்குப் பைசா செலவில்ல. ஜனங்க கையெடுத்துக் கும்புடுறாங்க.

டென்னிஸ்: ஊரு பூரா உன் விளம்பரத்த நீயே மறைச்சிட்டு, ஈ காக்கா வரலன்னு எங்கிட்ட வந்து சண்டையா?

அலாவுதீன்: அட… என் விளம்பரமுமா போவும்? அடுத்தவன் விளம்பரம்தான் போவும்னு நெனச்சேன்!

டென்னிஸ்: உன் மூஞ்சி அதுக்குத் தெரியுமா, இல்ல நீ அதுக்கு மாமன் மச்சானா?

ஜெமிமா: இருங்க… சண்டையா? பெருசா போடச் சொல்லி வந்துருக்காருன்னீங்க?

டென்னிஸ்: …பெருசா போடச் சொல்லித்தான் சண்டை.

ஜெமிமா: ம். ஏன்ணே, இந்த பிளாக்கர் போடுற வித்தைய உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

அலாவுதீன்: அது வந்து…

டென்னிஸ்: யூடியூப்ல பாத்துருப்பான். விடு.

ஜெமிமா: நீங்க ஏன் முந்திக்கிறீங்க?

அலாவுதீன்: டென்னிஸு, மன்னிச்சுக்க. நாசமாப் போறவன்னு நீ சொன்னது எனக்குச் சுள்ளுன்னு இருக்கு. தங்கச்சி, சொல்லிக் குடுத்ததே உன் வீட்டுக்காரன்தான். ‘கரண்ட் கட்டப் பாக்கப் போனா, மூஞ்சிக்கு நேரா விளம்பரம் குதிக்குது. என் சைட்ட என்னாலயே படிக்க முடியலடா’ன்னு, இவன் போன்லதான் மொதல்ல போட்டோம்.

டென்னிஸ்: சோதனைக்குடா! சும்மா ஒரு சோதனைக்கு!

ஜெமிமா: இப்ப எடுத்தாச்சா?

டென்னிஸ்: …எடுக்கணும்.

அலாவுதீன்: சரி விடு. பிளாக்கர்லயே ஒரு பட்டன் இருக்கு, ஒரு சைட்ட மட்டும் விட்டுவைக்கிறதுக்கு. இனிமே கடைக்கு வர்ற போன்லயெல்லாம் கேட்டுக்கிட்டு உன் சைட்டுக்கு அத அழுத்தி விடுறேன். என் விளம்பரமும் இருக்கட்டும். ஆனா நீ அந்தக் குதிக்கிறத எடுத்துரணும். சும்மா ஓரமா நிக்கிற மாதிரி ஒண்ணு ரெண்டு போதும்.

டென்னிஸ்: சத்தியமா எடுத்துடுறேன். ஜெமிமா… இன்னும் கொஞ்ச நாளு பாப்பமே? உங்கண்ணன்கிட்ட சொல்லி, அந்தப் பேப்பர…

ஜெமிமா: பேப்பர நான் அனுப்பவே இல்லங்க.

டென்னிஸ்: என்னது? பாரிஸ், பாரிஸ்னு என் உசுர எடுத்தியே!

ஜெமிமா: அப்படி மெரட்டலன்னா நீங்க சைட்டப் பொறுப்பா பாப்பீங்களா? எனக்கு மட்டும் ஊர விட்டுப் போவ ஆசையா?

அலாவுதீன்: அப்பாடா. இப்பவாவது போனக் குடு தங்கச்சி. பிளாக்கர் இல்லாம வெறும் கிளாஸ் மட்டும் ஒட்டித் தர்றேன்.

ஜெமிமா: வெறும் கிளாஸ்னா சரிண்ணே, நல்ல தடிமனா ஒட்டுங்க. டிராக்டர் லோனு பட்டன பொடிசா வச்சுத் தொலைச்சிருக்கான், தெனம் அழுத்தி அழுத்தித்தான் இப்படி விரிஞ்சு போச்சு. ஏங்க, கால்லயெல்லாம் விழ வேணாம்… அந்த மாலைய மட்டும் மல்லியில கட்டச் சொல்லுங்க.