கஸப் கடற்கரையில் மூன்று நல்ல நாட்கள்

தன்யா, கடற்கரையில் கூடாரம் அடிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. மணலில் ஆணி அடித்துக் கயிற்றைக் கட்டினால் முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, பையை முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும். இந்த யோசனையைச் சொன்னது உன் அப்பாதான். ஷார்ஜா தொழில்பேட்டையில் பத்தொன்பது வருடம் ஏசி டக்டுக்குத் தகரம் வெட்டிய மனுஷனுக்குக் கூடாரம் பற்றி எப்படித் தெரிந்ததோ, நான் கேட்கவில்லை.

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். அம்மாவின் முதல் வருஷத் தெவசத்தன்று உன் மாமா உன் அப்பாவிடம், "கடைசியா நீங்க அக்காகூட ஃபோன்ல பேசுனீங்களே மச்சான், அதுவே பெரிய ஆறுதல்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா, தான் பேசவே இல்லை என்றிருக்கிறார். நீ மாமாவின் பழைய ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கிறாய். ஓமன் நம்பர் ஒன்று, நாலு நிமிஷம் இருபது செகண்டு. "அம்மாகிட்ட பேசுனது யாரு பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அஜ்மானில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். ஊரில் யாருக்காவது ஏதாவது ஆனால் சம்பந்தப்பட்டவருக்கு ஃபோன் போடமாட்டார்கள். கூட இருப்பவருக்குத்தான் போடுவார்கள். ஆறாவது மாடியில் தனியாக நிற்கும் ஒருத்தனிடம் "உங்கப்பா போயிட்டாரு" என்று எப்படிச் சொல்வது? அதனால் கூட இருப்பவர் பக்குவமாகச் சொல்லி, டிக்கெட் போட்டு, ஏற்றிவிட வேண்டும். எங்கள் கட்டிடத்தில் அந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர் என்பதால் ஆபீசில் பாஸ்போர்ட்டை வாங்குவது சுலபம் என்று ஆரம்பித்தது. பிறகு, பாஸ்கர் நிதானமான ஆள், அவர்தான் சரி என்று ஆகிவிட்டது.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. தகவல் வந்ததும் சொல்லமாட்டேன். முதலில் பாஸ்போர்ட், லீவு, டிக்கெட். அதெல்லாம் முடியும்வரை அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, "கொஞ்சம் சீரியஸாம், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடு" என்பேன். மீதியை ஊரில் காத்திருப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஏழு வருடத்தில் பதினோரு பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் என்னைக் குறை சொன்னதில்லை. கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள்.

ஆனால் அதற்கப்புறம் நான் கொடுக்கிற டீயை எவனும் குடிப்பதில்லை. நான் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினம் கௌஸ் முகம்மது பாய் தமாஷாகத்தான் சொல்வார், உன்னைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குதுப்பா என்று. நானும் சிரிப்பேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, தன்யா. நல்ல சேதி ஒன்றையாவது கொண்டுவருகிற ஆளாக ஒரு தடவை இருக்க மாட்டோமா என்று இருக்கும்.

அப்படித்தான் இந்தப் பயணத்தைக் கிளப்பினேன். தேசிய தினத்துக்கு நாலு நாள் லீவு. ராஸ் அல் கைமா தாண்டி, எல்லையைக் கடந்து, ஓமனில் இருக்கும் கஸப் வரை கடலை ஒட்டியே ஒரு ரோடு போகிறது. ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கையை நீட்டினால் நனைகிற மாதிரி கடல். விசா, வண்டிக்கு ஓமன் இன்சூரன்ஸ், வாடகைக்குக் கூடாரம், டால்ஃபின் பார்க்கப் படகு எல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். கௌஸ் பாயின் பழைய பஜேரோ ஜீப். நான், உன் அப்பா, பாய் என்று மூன்றே பேர். அந்தப் பக்கம் எங்கள் சிம் எடுக்காது என்று எல்லையில் ஓமன் சிம் ஒன்று வாங்கி என் ஃபோனில் போட்டேன். எங்கள் மூவர் வீட்டுக்கும் அந்த நம்பரை அனுப்பிவைத்ததும் நான்தான். அவ்வளவு பொறுப்பாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். உன் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை இறக்கிவிட்டு, பட்டுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் கத்துகிற மாதிரி, ஒவ்வொரு வளைவிலும் "புதுத்தெரு இறங்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். கௌஸ் பாய் சிரித்ததில் வண்டி மலைப்பக்கம் போய் வந்தது. கடற்கரையில் ஆடுகள் வந்து எங்கள் குபூஸ் ரொட்டியைத் தின்றன. உன் அப்பா ஒரு ஆட்டுக்கு எங்கள் ஃபோர்மேன் பெயரை வைத்து அதனிடம் ஓவர்டைம் கேட்டார். பத்து வருடப் பழக்கத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. ஷேரி மீன் வாங்கி மசாலா தடவி நான்தான் சுட்டேன். "பாஸ்கரண்ணே, நீங்க ஸ்டோர்ல இருக்கவேண்டிய ஆளே இல்லண்ணே" என்றார். டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தார்கள். இன்னொரு கிளாஸ் கேட்டார்கள்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு உன் மாமா ஃபோன் செய்தார். உன் அம்மா மணிக்கு மாரடைப்பு, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நினைவு இருக்கிறது, ஆனால் டாக்டர் கையை விரிக்கிறார், மச்சானிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள் என்றார். சரி என்றேன். அவரும் நிம்மதியாக வைத்துவிட்டார். என்னிடம் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடனே கிளம்பினால் ஆறு மணிக்குள் ஷார்ஜா. ராத்திரி திருச்சி விமானம். ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா படுக்கைக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். எல்லை தாண்டி வந்ததால் பாஸ்போர்ட்கூட அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆபீசில் போய்க் கெஞ்ச வேண்டியதுகூட இல்லை.

அப்போது உன் அப்பா மணற்பையைப் புதைத்துக்கொண்டு, "அண்ணே, கயித்த இழுங்க" என்று கூப்பிட்டார். போய் இழுத்தேன். கூடாரம் நிமிர்ந்து நின்றது. கௌஸ் பாய் கை தட்டினார். மீன் ஆறிவிடும், சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அது தப்பா? எத்தனையோ பேர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்திருக்கிறேன். சாப்பிட்டதும் அவர் குளிக்க இறங்கினார். குளித்து வரட்டும் என்று இருந்தேன். நீயே யோசித்துப் பார். டிக்கெட் கிடைக்கும்வரை நாலு மணி நேரம் மறைத்தால் பக்குவமான ஆள் என்கிறார்கள். நாலு மணி நேரம் சரி என்றால் ஒரு நாள் ஏன் தப்பு, மூன்று நாள் ஏன் தப்பு? எந்த நிமிடத்தில் அது தப்பாக மாறுகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கடைசியில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை விடியற்காலை உன் மாமா மறுபடி ஃபோன் செய்து உன் அம்மா போய்விட்டதாகச் சொன்னார். நான் அழுதேன், தன்யா. பாத்திரம் கழுவுகிற சாக்கில் பாறைக்குப் பின்னால் போய் நன்றாகவே அழுதேன். மச்சான் எங்கே என்று கேட்டார். விமானத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை, லீவு நாள் கூட்டம், நாளை வந்துவிடுவார், ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்றேன். பிறகு வந்து ரவை உப்புமா கிளறினேன். எட்டு மணிக்குப் படகு. பணம் கட்டியாயிற்று. இனி அவசரப்பட்டு ஆகப்போவது எதுவும் இல்லை என்பதை நீயும் ஒப்புக்கொள்வாய்.

டால்ஃபின்கள் படகுக்கு இரண்டு பக்கமும் வந்தன. படகுக்காரர் விசில் அடிக்கச் சொன்னார். உன் அப்பா விசில் அடிக்க, ஒன்று எழும்பிக் குதித்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த போட்டோவை இதோடு அனுப்பியிருக்கிறேன், பார். அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார். அந்தச் சிரிப்பை உன் அப்பாவுக்கு யார் கொடுத்தது?

"தன்யாவுக்கும் மணிக்கும் இதக் காட்டணும்ணே. வர்ற வருஷம் விசிட்ல கூட்டியாந்துடறேன்" என்றார். கண்டிப்பாகக் கூட்டி வா என்றேன்.  

செவ்வாய்க்கிழமை காலை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு திரும்பினோம். அஜ்மான் வந்து, டிக்கெட் போட்டு, கம்பெனியில் பேசி, டீ போட்டுக் கொடுத்து, "மணிக்குக் கொஞ்சம் சீரியஸாம்" என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எப்பண்ணே ஃபோன் வந்துச்சு?" என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். உன் அப்பா அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போய்விடவில்லை என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமை நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் எடுத்தீர்கள்.

கௌஸ் பாய்க்கும் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிமிடமே வண்டியைத் திருப்பியிருப்பார். அவர் அப்படிப்பட்ட அவசரக்காரர். போன வாரம் நீ அவருக்கும் ஃபோன் செய்தாய் போலிருக்கிறது. அதிலிருந்து நான் கடைக்குப் போனால் கேட்ட சாமானை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. வெயில் சுள்ளென்று இல்லாமல் இதமாக இருந்தது. உன் மாமா மூச்சு வாங்கப் பேசினார். மச்சான் கிளம்பியாச்சா என்றார். ஏர்போர்ட்டில் இருக்கிறோம் என்றேன். அக்கா அவர் குரலையாவது கேட்க வேண்டும் என்கிறாளாம், எங்களை உள்ளே விடவில்லை, நர்ஸ் ஐந்து நிமிஷம் ஃபோனை உள்ளே கொண்டுபோய் அவள் காதில் வைக்கிறேன் என்கிறார், மச்சானிடம் கொடுங்கள் என்றார்.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும். இங்கே சுற்றி மலை, கடல், ஆடு. நேற்றே தகவல் வந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். அதைவிட, அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். இரண்டு நாளாக என்னை ஒரு மனுஷன் சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

அதனால் நானே பேசினேன். உன் அப்பா பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை தொண்டையைச் செருமுவாரே, அதையும் செய்தேன். "மணி" என்றேன். "நான்தான் மணி. வந்துகிட்டே இருக்கேன். பயப்படாத, ஒண்ணுமில்ல" என்றேன். ரொம்ப அன்பாகத்தான் பேசினேன். ஊரே ஆறுதல் என்று சொல்கிற மாதிரி ஒரு சாவு உன் அம்மாவுக்குக் கிடைத்தது. புருஷன் குரலைக் கேட்ட நிம்மதியில்தான் கண்ணை மூடினாள் என்று உன் மாமா ஒரு வருடம் எல்லோரிடமும் சொன்னார் இல்லையா? அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்தான். இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

ஒளிக்காமல் எழுதுகிறேன் என்று சொன்னதால் மீதியையும் எழுதுகிறேன். என் பேச்சு ஒரு நிமிஷம்கூட இருக்காது.  பிறகு உன் அம்மா பேசினாள். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"பாஸ்கரண்ணே" என்றாள். "அவுங்ககிட்டக் குடுங்கண்ணே."

 மூன்று நிமிஷம் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் அப்பா எனக்கு இருபதடி தள்ளி முழங்கால் தண்ணீரில் நின்று, கையை ஆட்டி என்னையும் குளிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபோனைக் கட் பண்ணிவிட்டு நானும் போய் இறங்கினேன்.