கட்டத் தாளில் ஒரு புகார்

காற்புள்ளியை எங்கே போடுவது என்று பத்தொன்பது வருடங்களாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வொன்ஜுவில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் நான் கொரிய மொழி ஆசிரியை. முற்றுப்புள்ளி மேற்கோள் குறிக்கு உள்ளேயா, வெளியேயா? கேள்விக்குறிக்குப் பிறகு ஒரு கட்டம் விடவேண்டுமா? திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்ததைப் புதன்கிழமை மறுபடி கேட்பார்கள். யாருக்குத்தான் சலிக்காது, நீங்களே சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர்.

நாங்கள் கட்டத் தாளில்தான் எழுதவைக்கிறோம். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், ஒரு குறிக்கும் ஒரு கட்டம். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே நகரும். அடித்துத் திருத்த நான் விடுவதில்லை. முழுத் தாளையும் மறுபடி எழுதவேண்டும்.

அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பு முடிந்ததும் பியோ ஹேரின் என்ற மாணவி ஒரு தாளோடு வந்தாள். எங்கள் பள்ளியில் புகார் எழுத்தில்தான் தரவேண்டும். மொழி ஆசிரியை கையெழுத்திட்டு, ஐந்து மணிக்குள் துணை முதல்வரிடம் போய்ச் சேரவேண்டும். கூ செபினும் அவள் தோழிகளும் தன்னை உடற்பயிற்சிக் கூடத்துச் சாமான் அறையில் இரண்டு முறை வைத்துப் பூட்டியதாக ஹேரின் எழுதியிருந்தாள். இன்றைக்கும் பூட்டுவோம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

நான்கு காற்புள்ளிகள் இல்லை. சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“டீச்சர், இன்னிக்கு மட்டும் அப்படியே வாங்கிக்கோங்களேன். என்ன நடந்துச்சுன்னு புரியுதுல்ல?”

“புரியறது வேற, சரியா எழுதறது வேற. உக்காந்து எழுதும்மா.”

இரண்டாவது தாளில் மேற்கோள் குறியை மூடவில்லை. மூன்றாவதில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான்காவதில் ஓர் எழுத்து கட்டத்தைத் தாண்டியிருந்தது. அது பிழையே அல்ல. அதையும் திருப்பிக் கொடுத்தேன். ஐந்தாவது தாளில் அவள் பாதியில் இருந்தபோது ஐந்து மணி அடித்தது. துணை முதல்வரின் கார் கிளம்பிப் போவது ஜன்னலில் தெரிந்தது.

“அவங்க கீழ நிக்கறாங்க டீச்சர். போற வரைக்கும் இங்கயே உக்காந்துக்கட்டுமா?”

“நான் பள்ளிக்கூடத்தப் பூட்டணும். கிளம்பு.”

அன்று பூட்டும் முறை என்னுடையது. அது பொய் அல்ல.

செபினைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று வருடங்களில் அவள் ஒரு குறியைக்கூட விட்டதில்லை. ஒரு தடவைகூட என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை. மறுநாள் காலை மாகாணக் கட்டுரைப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை அதற்குத் தேர்வான ஒரே பெண் அவள்தான். புகார் போயிருந்தால் பெயரை எடுத்துவிட்டிருப்பார்கள்.

அந்த வாரம் உடற்பயிற்சிக் கூடத்தைக் கூட்டுவதும் அவள் குழுவின் முறை. ஐந்தரைக்குச் சாவியோடு வந்தாள்.

“கூட்டிப் பூட்டியாச்சு டீச்சர். இந்தாங்க.”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“ஓடி வந்தேன் டீச்சர்... குளிருக்கு.”

“வீட்டுக்குப் போனதும் உங்க அக்காகிட்ட சொல்லி ஏதாவது சூடா வாங்கிக் குடி. சீக்கிரமா தூங்கு. நாளைக்குத் தலை தெளிவா இருக்கணும்.”

வாசலுக்குப் போகும் வழியில்தான் உடற்பயிற்சிக் கூடம். பனி விழ ஆரம்பித்திருந்தது. உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள். என் காலடி கேட்டதும் தட்டுவது நின்றது.

“டீச்சர்? நீங்கதானே?”

சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கைப்பந்துக் குழு தங்கள் சாவியோடு வரும், திறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு வாசலுக்கு நடந்தேன். பனியால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள் என்பது திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. ஹேரினின் அப்பா லாரி ஓட்டுபவர். திங்கள் காலைவரை தெற்கே இருந்தார். வேறு யாரும் அவளைத் தேடவில்லை. மூன்று இரவுக் குளிரை அவள் தாங்கவில்லை.

எனக்குக் காதில் விழுந்திருக்காது என்று சக ஆசிரியர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள். எனக்குக் கேட்டது. அவள் சாகவேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் போட்டி முடியும்வரை அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.