டிரைவர் சீட் காலி

எங்கள் பஸ்ஸை யாரோ ஆபீஸில் உட்கார்ந்து ஓட்டப்போகிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். காஞ்சிபுரம் ஸ்டாண்டில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, டிரைவர் சீட் காலி. முன்சீட்டுப் பெண் மடியில் லேப்டாப், கையில் ஸ்பீக்கர் போட்ட போன்.

“வண்டியில டிரைவர் இல்லன்னு பயப்படாத திவ்யா. ஆபீஸ்ல உக்காந்துக்கினே நீதான் ஓட்டுற.”

“ஸ்கிரீன்ல நீங்க வெச்ச ஸ்டாப் பட்டன் பரோட்டா சைசுல இருக்குதுக்கா. மேனேஜர் சிரிக்கிறாரு.”

“அவரு கேட்ட சின்ன பட்டனைத் தேடறதுக்குள்ளதான் நேத்து வேலியில மோதினோம். இன்னிக்கும் மோதினா நம்ம டீம் பண்ண ஸ்கிரீனையே தூக்கிடுவாங்கமா.”

“அக்கா, மாடு குறுக்கால வருது.”

எங்கள் பஸ்ஸுக்கு முன்னாலும் ஒரு மாடு. காமாட்சியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே, மனைவிக்கு வாங்கிய பட்டுப்புடவைப் பெட்டியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டேன்.

“பட்டனை அமுக்கு.”

“நின்னுடுச்சிக்கா. மேனேஜரே கைதட்டிக்கினு இருக்காரு.”

“இன்னொரு பரோட்டா வேணுமான்னு கேளு.”

நடந்தது இவ்வளவுதான்: முசரவாக்கம் பக்கத்து மைதானத்தில், சோதனைக்கு விட்ட ஆளில்லாத வண்டி ஒன்று மாட்டுக்கு முன்னால் நின்றது. எங்கள் பஸ் கிளம்பவே இல்லை. டிரைவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.