சுடுதண்ணிப் போத்தல்

அப்புத்தளைக் குளிரில் ஓர் அறையைச் சூடாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது பதுளைப் பொலிஸில் இருக்கிற உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. இங்கே தலைக்கு மேல் ஃபேன் சுழல்கிறது. அங்கே வெயில் காலத்திலும் பின்னேரம் பனி ஏறிவிட்டால் சுவர் ஈரமாகிவிடும். மனிதன் என்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தலாம். பாம்புக்கு அந்த வசதி இல்லை. அதன் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, நாங்கள் கொடுத்தால்தான் உண்டு. இதை விளங்கிக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

என் பெயர் இரகுநாதன். சொந்த ஊர் சாவகச்சேரி. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருக்கிறேன். குவாட்டர்ஸின் பின்னறையில் பாம்புகள் வளர்க்கிறேன். என் மனைவி சரோஜாதேவி, "பாம்போ நானோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று ஒருநாள் கேட்டாள். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். இப்போது அவள் வெள்ளவத்தையில் தமக்கையோடு இருக்கிறாள். நான் கெட்டவன் என்று அவள்கூடச் சொல்லமாட்டாள். கேட்டுப் பாருங்கள்.

என்னைப்போல வளர்ப்பவர்கள் ஊவா மாகாணத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். பதுளையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் றஹீம் ஆமைகள் வைத்திருந்தார். பசறையில் ஒரு வாத்தியார் தவளைகள் வளர்த்தார். தொண்ணூற்றாறில் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. ஊர்வனவோ தவளையோ அனுமதியில்லாமல் வீட்டில் இருக்கக் கூடாதாம். வெளிநாட்டு இனம் என்றால் பறித்துக்கொண்டு ஆளையும் உள்ளே போடுவார்களாம். றஹீமுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நாங்க என்ன, கஞ்சாவா வளக்கிற? ஆமைதானே வளக்கிற" என்று கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கத்தினார். எனக்குக் கத்தத் தெரியாது. நான் ஒரு மனுவில் நியாயம் எழுதினேன். தோட்டங்களில் பாம்பைக் கண்டால் மண்வெட்டியால் வெட்டுகிறார்கள், நாங்கள்தான் காப்பாற்றுகிறோம், எங்கள் கூண்டிலிருந்து இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இப்போது படித்தாலும் அந்த மனுவில் பிழை பிடிக்க முடியாது. எழுதும்போது அத்தனையும் உண்மை.

கருத்துக் கேட்கக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. எங்கள் தரப்பில் பேச என்னைத்தான் போட்டார்கள்.

கொம்பனைப் பற்றியும் சொல்லவேண்டும். றஹீமின் தம்பி ஷுக்ரி சவூதியில் வேலை செய்தவன். லீவில் வரும்போது ஒரு பிளாஸ்குக்குள் வைத்து அதைக் கொண்டுவந்தான். மணல் நிறம், கண்ணுக்கு மேலே சின்னதாக இரண்டு கொம்பு. பாலைவனத்து விரியன். அண்ணன் றஹீமின் பெண்சாதி துடைப்பத்தை எடுத்துவிட்டாளாம், அதனால் என்னிடம் வந்தது. முதல் நாள் அது மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கொம்பை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், நான் அதற்கு அடிமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எந்த மனிதர்மீதும் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

பாலைவனத்துப் பிராணிக்கு ராப்பகலாகப் பல்பு எரியவேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்களே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாராயப் போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, துணியைச் சுற்றி, பெட்டிக்குள் மணலில் புதைத்துவிடுவது. ஆறினால் மாற்றவேண்டும். நான் ஒஃபீஸில் இருக்கும்போது அதை மாற்ற வேலாயியைப் பழக்கினேன்.

வேலாயி மலையில் கொழுந்து எடுப்பவள். மலையில் வேலைக்குப் பேர் போடாத நாட்களில் என் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தருவாள். நல்ல துணிச்சல்காரி, வாயும் அப்படித்தான். "ஐயாவுக்குப் பொண்டாட்டி போனாக்கூட வருத்தமில்ல, இதுக்கு சளி புடிச்சாத்தான் சோறு எறங்காது" என்பாள். அவள் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அது என்ன பாம்பு என்று கேட்டாள். மண்ணுப் பாம்பு, விஷம் கிடையாது என்றேன். பயந்த கை பெட்டிக்குள் போனால் பாம்பு மிரளும். பயமில்லாத கையைப் பாம்பு பொருட்படுத்தாது. அவளுடைய நன்மைக்காகவும்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவள் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அதிகாரிகள் வருவதற்கு முந்தைய வாரம் றஹீமின் கடையில் எங்களுக்கு ஒரு கூட்டம். காலை ரயிலில் பதுளைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பினேன். வேலாயி குசினி வாசலில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை முழங்கை வரை வீங்கியிருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தாள்.

"போத்தல மாத்துறப்ப லேசா கொத்திருச்சுங்க. மண்ணுப் பாம்புதானே, ஐயா வர்றதுக்குள்ள வத்திரும்னு இருந்தேன்" என்றாள். "அத எடுத்து உள்ள வுட்டு மூடிட்டேன். அடிக்கல, கிடிக்கல. நீங்க பயப்படாதீங்க."

மத்தியானம் கடித்தது. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி அந்த மனுஷி பின்னேரம்வரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். அவள் பல்லீறில் இரத்தம் கசிந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். பயம் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தலை மட்டும் தெளிவாக வேலை செய்தது.

கடித்தது அதுதான் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவார்கள், என்னையும் மறியலில் போடுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: "நான் எதுக்குங்க அதச் சொல்றேன்? தேயிலைக்குள்ள கடிச்சிச்சுன்னு சொல்லிர்றேன். கோப்பி விரியன் கடிக்காத காலு எந்த லயத்துல இருக்கு?"

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். யோசனை அவளுடையது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாம்பு கடித்தால் அந்தப் பாம்பை அடித்து, ஆளோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். டொக்டர் பாம்பைப் பார்த்து மருந்தை முடிவு செய்வார். வெறுங்கையோடு போனால் பத்துக் கேள்வி வரும். என்னிடம் ஒரு கோப்பி விரியன் இருந்தது, தேயிலைச் செடி வெட்டியவர்களிடமிருந்து நானே காப்பாற்றிக் கொண்டுவந்தது. அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விறகுக் கட்டையால் தலையில் அடித்தேன். என் வாழ்நாளில் நான் கொன்ற பாம்பு அது ஒன்றுதான். என் கையில் இரை எடுத்துப் பழகியது, தலையைக்கூடத் தூக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இது பொய்யில்லை, லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் பார்த்தது. அவள் புருஷன் மாரிசாமி தோட்டத்து லொறியை மறித்து நிறுத்தினான். செத்த பாம்பு ஒரு பால்மாப் பேணிக்குள், என் காலடியில். வளைவுக்கு வளைவு பேணி உருண்டது. வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, அது மண்ணுப் பாம்புதானே?"

ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் பேணியைத் திறந்து பார்த்த தாதி மிஸி, "குணகட்டுவா" என்று கோப்பி விரியனின் பெயரைச் சிங்களத்தில் சொல்லி மூடிவிட்டாள். கோப்பி விரியனுக்கு இந்த நாட்டில் மாற்று மருந்து இல்லை. இருக்கிற மருந்து அதற்கு வேலை செய்யாது, வீணாகப் போட்டால் மருந்தே ஆளுக்கு ஆபத்து. பெரும்பாலும் வீங்கி, வலித்து, தானாக மாறிவிடும். அதனால் சேலைன் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மீது ஒரு குற்றமும் கிடையாது. கண்ணால் கண்ட பாம்புக்குச் செய்யவேண்டியதைச் செய்தார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போது அவள் செத்துப்போனாள். செத்த வீட்டுக்கு என் செலவில் தகரப் பந்தல் போட்டேன். மாரிசாமி என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அதிகாரிகள் வந்த அன்று மாரிசாமி யாரும் கூப்பிடாமலே, கருத்துக் கேட்ட மண்டபத்துக்கு வந்திருந்தான். மழிக்காத தாடி, வெள்ளை வேட்டி. நான் பேசி முடித்ததும் எழுந்து நின்றான். "எங்க ஐயா வளக்குற பாம்பு ஒண்ணாச்சும் யாரையாச்சும் கடிச்சிருக்கா? ஏம் பொண்டாட்டியக் கடிச்சது காட்டுல கெடந்த சனியன். ஐயாதாங்க அவளக் கையில தூக்கிக்கிட்டு ஓடுனாரு. அவரு கிட்டருந்து எதையும் புடுங்காதீங்க" என்றான். றஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து மாரிசாமியைக் கட்டிப்பிடித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அவ்வளவு பேசியும் சட்டம் வந்தது. றஹீம் ஆமைகளை ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் கடை திறக்கவில்லை. பெரிய கிளாக்கர் வீட்டுப் பின்னறையை எவரும் வந்து பார்க்கவில்லை. கொம்பன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். இந்த வருஷமும் மழை இல்லை, மறுபடியும் கரண்ட் வெட்டு. வேலாயியின் மகள் நிரஞ்சலா கொழும்பில் கார்மென்ட் ஃபெக்டரியில் வேலைக்கு நின்றவள், வேலை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். மாரிசாமி அவளைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டான். "அவ அம்மா பொழங்குன வீடு, இவளும் இங்கயே வேல பாக்கட்டும்" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நேற்று நான் குசினிக்குள் போனபோது அந்தப் பிள்ளை கேத்தலிலிருந்து போத்தலுக்குச் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டு நின்றது.

"அம்மா செஞ்ச வேலதானுங்களே. நானே வச்சிர்றேன். மண்ணுப் பாம்புதானே?"

போத்தலைப் பறித்தேன். தண்ணி என் கையில் கொட்டியது, இந்தக் கட்டு அதற்குத்தான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே விடிந்தது. இந்தப் பிள்ளைக்கும் நான் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அதனால்தான் முதல் பஸ்ஸில் இங்கே வந்தேன்.

ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. தண்ணி கொஞ்சம் தாருங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், வார்டில் டொக்டர் தயானி என்றொரு பிள்ளை, எங்கள் ஊர்ப் பக்கம்தான். வேலாயியின் இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைச் சரித்துப் பார்த்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். குழாயில் இரத்தம் உறையாமல் தண்ணிபோல ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் மிஸி ஒரு தட்டில் மருந்துக் குப்பிகளோடு நின்றாள். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாவற்றுக்கும் போடுகிற மருந்து. கொம்பன் சுருட்டை விரியனுக்கு நெருங்கின சாதி, அதுவும் எனக்குத் தெரியும்.

"அங்கிள், எனக்கென்னவோ இது கோப்பி விரியன்ர கடி மாதிரித் தெரியேல்லை. நீங்கள் பாம்பைப் பற்றித் தெரிஞ்ச ஆள். வேற ஏதும் எண்டால் இப்பவே சொல்லுங்கோ, மருந்து ஏத்துவம். இன்னும் நேரம் இருக்குது."

கதவுக்குப் பக்கத்துக் கட்டில்தான் வேலாயியுடையது. அவளுக்குக் கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். நானே சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை, கோப்பி விரியன்தான். நான்தானே அடிச்சனான்" என்றேன்.

தயானி மிஸியிடம் தலையசைத்தாள். மிஸி தட்டைத் திரும்பக் கொண்டுபோனாள்.